பன்னிரண்டாவது ரெக்கார்டு

மலர்க்கொடிக்கு வேலை சொன்னவர்கள் ஒருவரும் அந்த வேலைகளைச் செய்து பார்த்தவர்கள் இல்லை. படித்துக்கொண்டே சம்பாதிப்பதென்றால் நல்ல வேலையாகப் பார்த்துச் சேர வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எது நல்ல வேலை என்று கேட்டால் மட்டும் ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம். வெயில் படாததாக இருக்க வேண்டும் என்றாள் அம்மா சின்னம்மாள். பொழுதோடு வீடு வந்து சேர வேண்டும் என்றார் அப்பா உத்திராபதி. அவர் புவனகிரி நெல் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். இடுப்பு பிடித்துக்கொண்டு ஆறு மாதமாகப் படுத்திருந்ததால்தான் இந்தப் பேச்சே வந்தது.

அப்போது அவள் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு. டீச்சராக வேண்டும், அதற்கு பி.எட். படிக்க வேண்டும், அதையும் அரசுக் கல்லூரியில் படிக்க வேண்டும். தனியாரில் பணம் கட்ட வீட்டில் வழியில்லை. அரசுக் கல்லூரி இடம் மார்க்கைப் பார்த்துத்தான் கிடைக்கும். ஆக, அவள் தேடியது மார்க்கைத் தின்னாத ஒரு வேலை. அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

முதலில் கீழ வீதியில் ஒரு ஜவுளிக் கடை. மாலை நாலரைக்குப் போனால் ஒன்பது மணிவரை நிற்க வேண்டும். உட்கார்ந்தால் மேனேஜர் இருமுவார். புடவையைப் பிரித்துக் காட்டுவதுகூடப் பெரிதில்லை, வந்தவர்கள் வாங்காமல் போன பிறகு அத்தனையையும் மடிப்பு மாறாமல் மடித்து வைக்க வேண்டும். வீங்கிய காலோடு பஸ்ஸில் நின்றபடி தூங்கி, புவனகிரியைத் தாண்டிப் போய் இறங்கிய அன்றைக்கு அப்பா அந்த வேலைக்கு முற்றுப்புள்ளி வைத்தார்.

அடுத்தது அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன். கௌரவமான வேலை என்று ஊரே மெச்சியது. அந்த வீட்டு அம்மா அவளை நம்ம வீட்டுப் பெண் என்றுதான் சொல்வார். நம்ம வீட்டுப் பெண் ஆனதால் காய் நறுக்குவது, கொடியில் துணி எடுப்பது, சின்னவனுக்குச் சோறு ஊட்டுவது எல்லாம் டியூஷனுக்குள் வந்துவிட்டன. இரண்டாவது மாதம் காய்ச்சல் என்று சொல்லி நின்றுகொண்டாள். காய்ச்சல் உண்மையாகவே வந்திருந்தது.

மூன்றாவது வேலை தானாகத் தேடி வந்தது. கூடப் படித்த சத்யப்பிரியா தன் பிராக்டிகல் ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்து, எழுதித் தந்தால் இருநூறு ரூபாய் தருவதாகச் சொன்னாள். மலர்க்கொடியின் கையெழுத்து டிபார்ட்மெண்ட் முழுக்கப் பிரசித்தம். ஒவ்வொரு எழுத்தும் ஒரே உயரம், ‘ழ’வின் வாலில் மட்டும் ஒரு சின்னச் சுழி. படமும் வரைவாள். கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளைப் பென்சில் புள்ளி வைத்தே நிழல் காட்டி வரைந்தால், அந்த அருவருப்பான ஜந்துவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம் போலிருக்கும். பிராக்டிகல் வகுப்பு எடுக்கும் புஷ்பவள்ளி மேடமே லேப் சுவரில் மாட்டும் சார்ட்டுகளை அவளிடம்தான் எழுதி வாங்குவார். அதற்குக் கூலி கிடையாது, “கெட்டிக்காரி” என்று முதுகில் ஒரு தட்டு.

இந்த வேலையில் நிற்க வேண்டாம், பஸ்ஸுக்கு ஓட வேண்டாம், எழுத எழுதப் பாடமும் மனதில் ஏறும். இதைவிட நல்ல வேலை ஏது என்று சந்தோஷப்பட்டாள். மூன்றாம் ஆண்டில் ஒன்று நான்காகி, நான்கு பதினொன்றாகியது. சத்யப்பிரியாதான் ஒருநாள் சொன்னாள்.

“எல்லாத்தையும் ஒரே மாதிரி எழுதாதடி. கொஞ்சம் மாத்தி மாத்தி எழுது. வெளியிலேர்ந்து வர்றவுங்க பாத்தா மாட்டிக்குவோம்.”

மாற்றி எழுதிப் பார்த்தாள். கோணலாக நின்ற எழுத்தைப் பார்க்கச் சகிக்காமல் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டாள். இருந்த ஒரே சொத்து அந்தக் கையெழுத்து, அதைக் கெடுக்க மனம் வரவில்லை. வீம்பு என்றால் வீம்புதான்.

2008 மார்ச்சில் பிராக்டிகல். வாங்கிய வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று பதினொன்றையும் முதலில் முடித்தாள். தன்னுடையதற்கு மிஞ்சியது இரண்டே நாள். விரல் இடுக்கில் காய்த்துப்போயிருந்தது, மணிக்கட்டைத் திருப்பினால் தோள்வரை இழுத்தது. புள்ளி வைக்கப் பொறுமையில்லாமல் பென்சிலைத் தேய்த்து நிழல் காட்டினாள். மண்புழுவின் குடல் ரப்பர் குழாய் மாதிரி வந்தது. போகட்டும், நம்முடையதுதானே என்று மூடி வைத்துவிட்டாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிப்பவர். ரெக்கார்டுகளைப் புரட்டிக்கொண்டே வந்து, பன்னிரண்டைத் தனியாக எடுத்து மேசையில் அடுக்கினார். அந்தப் பன்னிரண்டு பேரையும் முன்னால் கூப்பிட்டார். அடுக்கில் மேலே இருந்ததை எடுத்துப் பெயரைப் படித்தார். மலர்க்கொடியுடையது.

“எல்லாம் ஒரே ஆள் எழுதினது. அதுல இதுதான் ரொம்ப மட்டம். யாருகிட்டம்மா எழுதி வாங்கின?”

“நானே எழுதினது சார்.”

கேட்டு அவர் சிரித்தார். ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, ரெக்கார்டின் முதல் பக்கத்தை அங்கேயே எழுதச் சொன்னார். அவள் எழுதினாள். பழக்கம் விடவில்லை, ‘ழ’வின் வால் சுழித்துக்கொண்டு வந்து நின்றது. அவர் தாளைப் பார்த்தார், அடுக்கைப் பார்த்தார், கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். சத்யப்பிரியா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எத்தன எழுதின?”

“பதினொண்ணு சார். என்னுது பன்னெண்டாவது.”

மேடம் ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தாள். புஷ்பவள்ளி மேடம் சுவரில் தொங்கிய சார்ட்டுகளுக்கு முதுகைக் காட்டி நின்றபடி, தேர்வாளரிடம் குனிந்து மெதுவாகப் பேசினார். பன்னிரண்டு பேரை நிறுத்தினால் டிபார்ட்மெண்டுக்குத்தான் பேர் கெடும், எல்லாம் ஏழைப் பிள்ளைகள், இந்த ஒரு தடவை விட்டுவிடலாம் என்றார். தேர்வாளர் நல்ல மனிதர்தான். விட்டுவிட்டார். யார் எழுதியது என்று பார்க்காமல் நோட்டில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்து மார்க் போட்டார். பதினொன்றுக்கும் பத்துக்கு ஒன்பது, ஒன்பதரை. அவளுடையதற்கு ஐந்து.

“படமெல்லாம் அவசரத்துல போட்டிருக்க. அதுக்கு நான் என்னம்மா பண்றது?” என்றார். குரலில் இரக்கம் இருந்தது, மார்க்கில் இல்லை.

அரசு பி.எட். கலந்தாய்வில் மலர்க்கொடியின் முறை வருவதற்குள் இடம் நிரம்பிவிட்டது. சத்யப்பிரியாவுக்கு இடம் கிடைத்தது. இரண்டு பேருக்கும் மொத்தத்தில் நான்கே மார்க் வித்தியாசம். அது எந்த நோட்டில் போன நான்கு மார்க் என்று மலர்க்கொடிக்குத் தெரியும், ஆனால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? அம்மாவின் தோட்டை அடகு வைத்து, குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். காலையில் பஸ் ஏறும்போதே களைப்பாக இருந்தது.

பிப்ரவரியில் சத்யப்பிரியா போன் செய்தாள். பி.எட்.டில் ரெக்கார்டு மலைபோல் குவிந்திருக்கிறது என்றாள். வேறு ஊர், வேறு கல்லூரி, ஒருவருக்கும் தெரியப்போவதில்லை, ஐந்நூறு தருகிறேன் என்றாள். பழைய விஷயத்தைப் பற்றி அவள் பேசவில்லை. மறந்தேபோய்விட்டாள் போலிருக்கிறது. மலர்க்கொடிக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை, அதற்குக்கூடத் தெம்பு வேண்டியிருந்தது. அவள் முன்னால் அவளுடைய நோட்டு திறந்து கிடந்தது, ஒரு பூவின் நீள்வெட்டுப் படம் பாதியில், புள்ளி புள்ளியாக.

“என்னுத மொதல்ல முடிச்சுட்றேன்டி. அப்புறம் கையில பலம் மிச்சமிருந்தா சொல்றேன்.”

சத்யப்பிரியா சரி என்று போனை வைத்தாள்.

நோட்டு ஏப்ரலில் முடிந்தது. பலம் மிச்சமிருக்கவில்லை. மலர்க்கொடி போன் செய்யவும் இல்லை.