தம்பிக்கு மட்டும் வந்தது

எனக்கு அப்பாவின் நெற்றி. அகலமானது, அதில் இரண்டு கோடுகள் பிறந்தபோதே இருந்தனவாம். கால் சுண்டுவிரலும் அப்பாவுடையதுதான், பக்கத்து விரலின் மேல் ஏறிப் படுத்திருக்கும். குரலும் அப்படியே. வீட்டுக்குள் நான் சாதாரணமாகப் பேசினால் அடுத்த தெருவில் இருப்பவர்கள் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள். அப்பா சீவலப்பேரிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ஓடுகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அவருக்கு அந்தக் குரல் பிழைப்புக்கு உதவியது. எனக்கு எதற்கு என்றுதான் தெரியவில்லை.

தம்பிக்கு அம்மாவின் நிறம், அம்மாவின் சுருட்டை முடி, சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் விழுகிற அம்மாவின் குழி. அதோடு நின்றிருந்தால் நான் பொறுத்திருப்பேன். அவனுக்குத் தாத்தாவின் கையும் வந்திருந்தது.

அம்மாவின் அப்பாவை நான் பார்த்ததில்லை. களக்காட்டில் இருந்தவர். இறந்துபோனவர்களின் சின்ன போட்டோவைக் கொண்டுபோய்க் கொடுத்தால், சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாகக் கரியில் வரைந்து தருவார். எங்கள் வீட்டிலும் ஒரு படம் இருந்தது, கண்ணாடியைப் பார்த்து அவர் தன்னையே வரைந்துகொண்டது. ஊரெல்லாம் கலருக்கு மாறிய பிறகும் தாத்தா கரியை விடவில்லை என்று அம்மா சொல்வாள்.

தம்பி அப்போது ஆறாம் வகுப்பு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் ஓர் எருமையை வரைந்தால் அது இப்போது வாலை ஆட்டிவிடும் என்று தோன்றும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, அப்படியே களக்காட்டுத் தாத்தாவின் கை என்பார்கள். பிறகு பக்கத்தில் நிற்கும் என்னைப் பார்ப்பார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிள்ள நல்லா வளந்துட்டா" என்பார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் ஒன்பதாம் வகுப்பு. அறிவியல் டீச்சர் அந்த மாதம் பட்டாணிச் செடியைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் சேர்த்தால் முதலில் பிறப்பதெல்லாம் நெட்டை. அவற்றுக்குள்ளேயே சேர்த்தால் அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்று குட்டை. போர்டில் கட்டம் போட்டுக் காட்டினார். பிள்ளைகளுக்கு அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி வருகிறது என்றார். உங்கள் வீட்டில் யாருக்கு யாரிடமிருந்து என்னென்ன வந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

நான் நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரித்தேன். அப்பாவின் பக்கம் நிரம்பி வழிந்தது. அம்மாவின் பக்கத்தில் எழுத ஒன்றுமே கிடைக்கவில்லை. மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று கேட்டேன்: "பாதி பாதின்னா, அம்மாட்டருந்து எனக்கு வரவேண்டியத தம்பி எடுத்துக்கிட்டானா டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "இது தேங்கா பங்கு வைக்கிற மாதிரி இல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசாக் கொடுக்கிறது. அவனுக்கு வந்தது ஒன்னோட பங்கு இல்லம்மா" என்றார். நான் நம்பவில்லை. டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்ததில்லை, அதனால்தான் இப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் அம்மா எப்போதும் தம்பியோடுதான் இருந்தாள். காலையில் அவன் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டையை எடுத்து வைப்பாள். கொய்யாப்பழம் வாங்கினால் பழுத்ததைத் தேடி அவன் கையில் கொடுப்பாள், எனக்கு, "நீயே பாத்து எடுத்துக்கோட்டி." அவன் படத்துக்கு வண்ணம் தீட்ட உட்கார்ந்தால் அடுப்பில் உலையை வைத்துவிட்டாவது பக்கத்தில் வந்து உட்காருவாள். அப்பா அவனுக்கு ஒரு பெட்டி கிரையான் வாங்கி வந்தபோது அம்மா அன்றைக்கே பேனாவை எடுத்து ஒவ்வொரு குச்சியின் தாளிலும் எழுதினாள். பச்சை, சிவப்பு என்றுகூட எழுதவில்லை. 'இலை', 'மண்', 'ஆறு', 'ஓடு', 'பழம்' என்று சின்னச் சின்ன எழுத்தில் எழுதினாள். பால்வாடிப் பிள்ளைக்குச் செய்கிற மாதிரி. என்னுடைய எந்தப் பொருளிலும் அம்மாவின் கையெழுத்து இருந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாளையங்கோட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி என்று நோட்டீஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கு அன்று சொந்தத்தில் ஒரு வளைகாப்பு, தட்ட முடியாதது. அப்பா தன் பஸ்ஸிலேயே எங்களைக் கூட்டிப்போய் இறக்கிவிடுவது, நான் தம்பியோடு இருப்பது, சாயங்கால ட்ரிப்பில் திரும்புவது என்று முடிவாயிற்று. "நாலு நாளு வளைகாப்ப மாத்தி வச்சா என்ன" என்று அம்மா முனகிக்கொண்டே இருந்தாள். போன வருடம் நான் பேச்சுப்போட்டிக்குப் போனபோது யார் வந்தார்கள்?

ஞாயிறு காலையில் தம்பி குளித்துக்கொண்டிருந்தான். அவன் பையைத் திறந்து கிரையான் பெட்டியை எடுத்தேன். குச்சிகளைச் சுற்றியிருந்த தாள்களை ஒவ்வொன்றாக உரித்தேன். 'இலை' சுலபமாக வந்தது. 'மண்' கிழிந்தது. எல்லாவற்றையும் சுருட்டி வெந்நீர் அடுப்பில் போட்டேன். குச்சிகளைக் கலைத்துப்போட்டுப் பெட்டியை மூடினேன். நான் கெட்டது எதுவும் செய்யவில்லை என்று எனக்கு நானே ஒரு காரணமும் தயாராக வைத்திருந்தேன். டவுன் பிள்ளைகள் அந்த எழுத்தைப் பார்த்தால் இவனைக் கேலி செய்வார்கள். நான் அவன் மானத்தைக் காப்பாற்றுகிறேன்.

போட்டி நடந்த கூடத்தில் பெரிய ஜன்னல்கள். கூட வந்தவர்கள் வெளியே நிற்கவேண்டும். நான் ஒரு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'நம் ஆறு' என்று தலைப்புக் கொடுத்தார்கள். தம்பி பென்சிலை எடுத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆற்றை அங்கே கொண்டுவந்துவிட்டான். படித்துறை, கரையில் வாழைத்தோட்டம், தண்ணீரில் கழுத்துவரை மூழ்கிய எருமைகள், தூரத்தில் மலை. மேற்பார்வைக்கு நின்ற ஒருவர் அவன் பின்னாலேயே நின்றுவிட்டார். எனக்குக் கம்பியைக் கடிக்கலாம்போல இருந்தது.

பிறகு தம்பி கிரையான் பெட்டியைத் திறந்தான்.

ஒரு குச்சியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தான். பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, தாள் எங்காவது விழுந்திருக்கிறதா என்று பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினான். இரண்டு குச்சிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். ஒன்றை மூக்கில் வைத்து முகர்ந்தான். கடைசியாகத் தலையை உயர்த்தி ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னைக் கண்டுபிடித்தான். இரண்டு கையிலும் இரண்டு குச்சிகளைத் தூக்கிக் காட்டினான். எது என்று கேட்கிறான். ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு. இவன் ஏன் இதைக் கேட்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறாள், இதைக்கூட யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது என்றுதான் தோன்றியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுபடி பார்த்தபோது அவன் வேகவேகமாகத் தீட்டிக்கொண்டிருந்தான். வாழையிலைகள் எல்லாம் பழுப்பு. கரை மண் பச்சை. தாமிரபரணி கத்தரிப்பூ நிறத்தில் ஓடியது.

நடுவர்களில் ஒருவர் படத்தை எடுத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். "ஏலே, தோட்டம் முழுக்கக் கருகிக் கெடக்கு. ஆத்துல இம்புட்டுத் தண்ணி ஓடுது, ஒரு வாளி கோரி ஊத்தக் கூடாதாலே?" என்றார். கூடமே சிரித்தது. அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். தம்பியும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் சிரிக்கிறவனின் சிரிப்பு அது. கன்னத்தில் குழிகூட சரியாக விழவில்லை.

பரிசில்லாமல் திரும்பி வந்த படத்தை வீட்டில் அம்மா பார்த்தாள். உடனே கிரையான் பெட்டியைத் திறந்தாள். "தாளெல்லாம் எங்கலே?"

தம்பி என்னை ஒரு தடவை பார்த்தான். "பஸ்ஸுல வேர்வைல கழண்டுட்டு" என்றான்.

இருபத்துச் சொச்சம் தாளும் வேர்வையில் கழன்றுவிடாது என்று அம்மாவுக்குத் தெரியாதா? ஆனால் அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நல்லவன் என்ற பெயரும் அவனுக்கே போயிற்று.

அன்றிலிருந்து அவன் பென்சிலைத் தொடவில்லை. எனக்கு அதுவும் போதவில்லை. மூன்றாம் நாள் அந்தப் படத்தை மடித்து நோட்டுக்குள் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். தாத்தாவின் கை என்று சொல்லப்பட்டது என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று தோழிகளுக்குக் காட்டினேன். சிரித்துக்கொண்டிருந்தபோது டீச்சர் வந்து அதை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இத வரைஞ்சது ஒன் தம்பியா?"

"ஆமா டீச்சர். கலரே அடிக்கத் தெரியாது."

"ஒங்க அம்மாவோட அப்பா, அம்மா கூடப் பிறந்தவங்க, யாருக்காவது நிறத்துல குழப்பம் உண்டா?"

எனக்குத் தெரியாது என்றேன். சனிக்கிழமை டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அம்மா முற்றத்தில் மிளகாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோட்டத்திலிருந்து வந்தது, பச்சையும் பழமும் கலந்து கிடந்தது. டீச்சர் தம்பியைக் கூப்பிட்டு, பழத்தைத் தனியாகப் பொறுக்கச் சொன்னார். அவன் கண்ணால் தேடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் இரண்டு குவியல் ஆயிற்று. இரண்டிலும் பச்சையும் சிவப்பும் இருந்தன.

"போதும்யா, நீ போய் விளையாடு" என்றார் டீச்சர். பிறகு அம்மாவிடம் மெல்ல ஆரம்பித்தார். "இதுக்கு நிறக்குருடுன்னு பேரு. பார்வைல கோளாறு ஒண்ணும் இல்ல. சிவப்பும் பச்சையும் மட்டும்…"

"தெரியும் டீச்சர்" என்றாள் அம்மா. "மூணு வயசுலயே தெரியும். எங்க அப்பாவுக்கும் இப்படித்தான். அதனாலதான் கரியிலயே வரைஞ்சாவ."

அப்பா அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு செருப்போடு நின்றுவிட்டார். "என்கிட்ட சொல்லலயே நீ?"

"சொல்லிருந்தா ஒங்க வீட்ல என்ன பேசிருப்பாவ? கொறையுள்ள குடும்பத்துல பொண்ணெடுத்துட்டோம்னு பேசிருக்க மாட்டாவளா?" அம்மா மிளகாயைப் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "பிள்ளைக்கும் தெரியாமப் பாத்துக்கிட்டேன். எல்லாரும் தாள்ல உள்ள எழுத்தப் பாத்துத்தான் கலர் எடுப்பாங்கன்னு அவன் நெனச்சிட்டிருந்தான்."

அப்பா அடுத்த செருப்பையும் கழற்றினார். உள்ளே போகாமல் அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தம்பி கலந்து வைத்த குவியலிலிருந்து பச்சை மிளகாயைப் பொறுக்க ஆரம்பித்தார்.

டீச்சர் தரையில் விரலால் கோடு போட்டு விளக்கினார். யார் மேலும் குற்றமில்லை, தாத்தாவிடமிருந்து அம்மாவுக்கு வந்து, அம்மாவிடமிருந்து மகனுக்குப் போயிருக்கிறது. நிறத்தைப் பிரித்துக் காட்டுகிற கூறு பெண்களுக்கு ஜோடியாக இருக்கும், ஒன்று பழுதானாலும் மற்றது ஈடுகட்டிவிடும். அதனால்தான் அம்மாவுக்கு நிறமெல்லாம் தெரிகிறது. ஆணுக்கு இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் அம்மாவிடமிருந்துதான் வருகிறது. டவுனில் கண் டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்றார். வரைவதை நிறுத்தவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் கதவருகே நின்ற என்னைக் காட்டி, "அப்போ இவளுக்கு?" என்றாள்.

"இவளுக்கு நிறமெல்லாம் நல்லாத் தெரியுமே. ஆனா அது இவகிட்டயும் வந்திருக்கான்னு இப்போ சொல்ல முடியாது. வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். நாளைக்கு இவளுக்கு ஒரு பையன் பொறந்து…" டீச்சர் முடிக்கவில்லை.

நான் கேட்டதெல்லாம் முதல் பாதிதான். இவளுக்கு நல்லாத் தெரியும். அப்படியென்றால் தாத்தாவின் கையும் இல்லை, தாத்தாவின் கண்ணும் இல்லை. பெயர் வைத்துச் சொல்லக்கூடிய, டீச்சர் வீடு தேடி வந்து விசாரிக்கக்கூடிய அந்த ஒன்றும் அவனுக்கே. அம்மா எட்டு வருடம் ஒருவரிடமும் சொல்லாமல் கட்டிக்காத்த ரகசியம்கூட அவனைப் பற்றியது. தாள்களை உரித்ததற்காக வெட்கப்படத் தொடங்கியிருந்தேன். அந்த வெட்கத்துக்குள்ளும் பொறாமை இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிட்டாள். தாள் விஷயம்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இங்கன உக்காருட்டி" என்று முன்னால் இருத்தி, தலைமுடியை அவிழ்த்தாள். எட்டாம் வகுப்பிலிருந்தே நானேதான் தலை வாரிக்கொண்டிருந்தேன். அம்மாவின் விரல்கள் என் தலைக்குள் போய் எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கு நினைவில்லை. அவசரமே இல்லாமல் எண்ணெய் தேய்த்தாள். நடுவே கை அப்படியே நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நகரும். ஒரு முறை என் அகன்ற நெற்றியைப் பின்னாலிருந்தே உள்ளங்கையால் மூடிப் பிடித்தாள்.

தம்பி தூணைப் பிடித்துக்கொண்டு நின்று எங்களைப் பார்த்தான். நான் இன்னும் நன்றாக அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டேன். இன்றைக்கு என் முறை, கடைசியில் அம்மா என்னையும் பார்த்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் கை நின்று நின்று நகர்ந்தபோது யாரை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அன்று தெரியாது. அது தெரிவதற்கு இன்னும் பதினைந்து வருடம் ஆகவேண்டும், எனக்கு ஒரு மகன் பிறந்து, அவன் தத்தித் தத்தி நடந்து வந்து, பழம் என்று சொல்லி ஒரு பச்சைத் தக்காளியை என் கையில் கொடுக்கவேண்டும்.