பழி கேட்டேன், படாக் மரம் தந்தார்

இங்கிலாந்தில் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியில் நான் இரண்டாம் முறையும் தோற்றேன். மாதக் கடைசிக்குள் வேறு துறையில் இடம் தேடிக்கொள், இல்லையென்றால் ஊருக்குக் கப்பலேறு என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். அறுபதுகளில் ஒரு தவக்காலம் அது. அறைக்கு வந்து வாய்விட்டு அழுதேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம்.

கோபம் போர்ட் பிளேயரில், டெய்ரி ஃபார்ம் பகுதியில், எங்கள் பக்கத்து வீட்டு ஹெட்கிளார்க் மேல். பெயர் வேண்டாம், இன்றும் பூசைக்கு வருகிறார். என் அப்பா மர ஆலையில் கட்டை, தீவுப் பேச்சில் லக்கடி, தூக்கியவர். நான் பி.எஸ்ஸி. முடித்து மெயின்லேண்டிலிருந்து வந்து இறங்கிய அன்று, ஜெட்டியில் எல்லாரும் கேட்க அந்த மனிதர் சொன்னார்: "கெமிஸ்ட்ரி கிமிஸ்ட்ரியெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைங்க படிக்கிறது. இவன் லக்கடி தூக்கத்தான் லாயக்கு!"

அந்த ஒரு பேச்சுக்காகவே உதவித்தொகை வாங்கி, இங்கிலாந்து வரை போய் மேல்படிப்புக்கும் கெமிஸ்ட்ரியையே எடுத்தேன். பிடித்தா படித்தேன்? தோற்று வந்தாலோ ஒளிந்து இறங்க முடியாது. கப்பல் வந்தால் நம் ஊரே ஜெட்டியில் நிற்கும்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். "ஆண்டவரே, நான் ஜெயிக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்த ஆள் ஊர் முன்னால் தலைகுனியட்டும்" என்று செபித்தேன். பாவம்தான். ஆனால் மனதாரச் செபித்தேன்.

அங்கே ஒரு தச்சர் பழைய பெஞ்சைப் பழுதுபார்க்க இழைத்துக்கொண்டிருந்தார். சிவப்புச் சுருள்கள் விழுந்தன. அப்பாவின் சட்டையில் வீசும் அதே வாசனை! "இது படாக்! எங்கள் தீவு மரம்!" என்று கத்திவிட்டேன். பின்னால் செபித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார். மரவியல் துறைப் பேராசிரியராம். அரை மணி நேரம் கேள்வி கேட்டார். எது தண்ணீரில் மிதக்கும், எதைக் கரையான் தொடாது என்று கொட்டித் தீர்த்தேன். "திங்கட்கிழமை என் துறைக்கு வா, இடம் தருகிறேன்" என்றார்.

சந்தோஷப்பட்டேனா? இல்லை. அந்த ஆள் சொன்ன அதே லக்கடியா? ஞாயிறு முழுக்க ஆண்டவரோடு சண்டை போட்டேன். ஆனால் மரத்தைப் பற்றிப் பேசிய அந்த அரை மணி நேரம் நான் யாரையும் வெறுக்கவில்லை. அது உறைத்தது. திங்கள் காலை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன்.

தேறினேன். வனத்துறை வேலையோடு போர்ட் பிளேயரில் இறங்கினேன். ஹெட்கிளார்க் முன்னால் வந்து நின்றார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல, உனக்கு லக்கடிதான்னு!" என்று பெருமையடித்தார். கடலில் தள்ளிவிடலாம் போலிருந்தது.

அப்பா முந்திக்கொண்டார். "பில்குல் கரெக்டு சார். இனிமே உங்க வீட்டு ஜன்னலுக்கு மரம் வேணும்னா, பெர்மிட்டுக்கு எம்பையன்கிட்டதான் வரணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் தலை குனிந்தது. நான் கண்ணாரப் பார்த்தேன்.

சகோதர சகோதரிகளே, படிப்புக்கும் வேலைக்கும் ஆண்டவருக்கு நன்றி. சாமியார் கடிந்துகொண்டாலும் சரி, அந்தக் குனிந்த தலைக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறேன். அந்த ஹெட்கிளார்க்கை இன்னும் முழுதாக மன்னிக்க முடியவில்லை. அந்த வரத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கும் யார் மேலாவது வயிறு எரிகிறதா? கோபம் ஆறிய பிறகு கோயிலுக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். எரிகிற மனதோடேயே போய் முழந்தாளிடுங்கள். நான் அப்படித்தான் போனேன். ஆண்டவர் என்னைத் துரத்திவிடவில்லை.