டாங்கிக்குள் நாலு பேர்

1956, நவம்பர் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டே முக்கால் மணி. காலையிலிருந்து விட்டு விட்டுத் தூறல், காற்று இல்லை. தேதி சொன்னதுமே இந்தக் கிழவன் கதை விடுகிறான் என்று நினைப்பீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள். பேய் என்று யாராவது பேச்செடுத்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். பட்டாளத்தில் ஐந்து வருஷம் செத்தவர்களோடுதான் இருந்தேன், ஒருவன்கூட எழுந்து வந்து என்னிடம் பேசியதில்லை.

சண்டையில் அடிபட்ட டாங்கிகளை இழுத்துவந்து பழுது பார்க்கிற பிரிவில் நான் ஸ்டோர் கீப்பர். முதலில் ஆப்பிரிக்கப் பாலைவனம், பிறகு இத்தாலி. எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. அடிபட்டுக் கிடக்கிற டாங்கியின் மேல் ஏறுவதற்கு முன்னால் ஸ்பேனரால் மூன்று தட்டு தட்ட வேண்டும். அந்தக் கனத்த இரும்பைத் தாண்டிக் குரல் வராது, தட்டுகிற சத்தம் வரும். உள்ளே எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ அத்தனை தட்டு பதிலாக வரும். டாங்கிக்கு ஐந்து பேர். ஐந்து வந்தால் சிரிப்போம், ஒன்றும் வராவிட்டால் பேசாமல் சங்கிலியை மாட்டுவோம்.

ஊருக்குத் திரும்பிச் சூலூர் ரோட்டோரம் பழைய இரும்புக் கிடங்கு வைத்தேன். ராணுவம் கழித்துப்போட்ட ஒரு ஷெர்மன் டாங்கி ஏலத்தில் கிடைத்தது, இத்தாலியில் நான் பார்த்த அதே ரகம். பீரங்கியை அவர்களே அறுத்து எடுத்துக்கொண்டு ஓட்டையை அடைத்திருந்தார்கள், எஞ்சினும் இல்லை. துண்டு துண்டாக அறுத்து மோட்டார் பம்பு வார்க்கும் பட்டறைகளுக்கு விற்பது என்று யோசனை. என் மனைவியின் தம்பி ரங்கசாமி கூட்டாளி, அறுக்கிற வேலைக்குப் பழனிசாமி.

அன்று மத்தியானம் கை பழக்கத்தில் மூன்று தட்டு தட்டினேன். உள்ளேயிருந்து நாலு தட்டு வந்தது.

"மழைத்தண்ணி சொட்டுதுங்க மச்சான்" என்றான் ரங்கசாமி. "சூயஸ்ல பட்டாளம் எறங்கிருச்சுன்னு காலைல பேப்பர் படிச்சீங்கல்ல, அந்த ஞாபகம் உங்களுக்கு."

மேலே ஏறி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஐந்து இருக்கை, ஐந்தும் காலி. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

செப்புக் குழாய்களைக் கழற்றப் பழனிசாமி மேல்வாசல் வழியாக உள்ளே இறங்கினான். "பெட்ரோல் வாசம் தூக்குதுங்க மொதலாளி" என்றான். மூடியைத் திறந்தே வை என்று சொல்ல வாயெடுக்கிறேன், நம்பினால் நம்புங்கள், காற்றே இல்லாத அந்த நேரத்தில் மூடி தானாகச் சாய்ந்து விழுந்தது. உள் கொக்கி இறுகி மாட்டிக்கொண்டது, உள்ளேயிருந்து பழனிசாமியாலும் அதை நகர்த்த முடியவில்லை. முன்பக்கத்து இரண்டு மூடிகளும் ஏற்கெனவே துருப்பிடித்து இறுகியவை. கடப்பாரையை விட்டு நெம்பினோம், கடப்பாரைதான் வளைந்தது.

ரங்கசாமி கேஸ் கட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வேண்டாம் மாப்பிள்ளை. உள்ள பூராவும் பெட்ரோல் ஆவி. நெருப்பு வெச்சா அவன் வெந்துபோவான்."

"அப்ப மூச்சு முட்டிச் சாகட்டுங்களா?"

மூன்று தட்டு தட்டினேன். ஐந்து வந்தது. ரங்கசாமியும் எண்ணினான், அவன் முகம் வெளுத்துவிட்டது. நாலும் ஒன்றும் ஐந்து. திரும்பக் கடப்பாரை, திரும்பச் சுத்தியல். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டினேன்.

நாலு.

"ஒண்ணு கொறையுதுங்க மச்சான்" என்று அழ ஆரம்பித்தான் ரங்கசாமி. குறைந்தது யார் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

ஷெர்மனுக்கு வயிற்றில் ஒரு தகடு உண்டு, தீப்பிடித்தால் அந்த வழியாகக் கீழே இறங்கி ஊர்ந்து தப்பிக்க. ஆனால் அதன் கைப்பிடி உள்ளேதான் இருக்கிறது, வெளியிலிருந்து திறக்க முடியாது. பழனிசாமிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அது தெரிந்தும் நான் அடியில் ஊர்ந்துபோனேன். வேறு என்ன செய்வது? சேற்றைக் கையால் வாரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே துருப்பிடித்த இரும்பு மெதுவாகத் திரும்புகிற சத்தம். தலையை இழுத்துக்கொண்டேன். தகடு பொத்தென்று சேற்றில் விழுந்தது, அந்த ஓட்டை வழியாகப் பழனிசாமியின் இரண்டு கைகளும் தலையும் தொங்கின. நினைவில்லை. உதடு நீலம். அவனை இழுத்து வெளியே போட்டோம்.

வாந்தி எடுத்து, மூச்சு சீராகி, அவன் பேச அரை மணி ஆயிற்று.

"ஏனுங்க மொதலாளி, மத்தவிய எல்லாம் வெளிய வந்துட்டாங்களா?"

"எந்த மத்தவியடா?" என்றான் ரங்கசாமி.

"மொகம் தெரியலீங்க, ஒரே இருட்டு. ரெண்டு பேரு கையப் புடிச்சாங்க, ரெண்டு பேரு காலத் தூக்குனாங்க."

மறுநாள் நானே அந்த அடி ஓட்டை வழியாக உள்ளே ஏறி அந்தக் கைப்பிடியை இரண்டு கையாலும் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. துருவில் இறுகிப் போயிருந்தது, யாரும் தொட்ட அடையாளமே இல்லை.

அறுக்க மாட்டேன் என்றான் பழனிசாமி. திருப்பூரிலிருந்து ஒருவர் அப்படியே விலைக்குக் கேட்டு வந்தார், அவரும் அறுக்கத்தானே கேட்கிறார், கொடுக்க மனம் வரவில்லை. செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி ஒன்று கிடங்குக்குப் பின்னால் இருந்தது. லாரி வைத்து இழுத்து அதில் இறக்கினோம். மண் தள்ளுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை மூன்று தட்டு தட்டினேன். பழனிசாமி என் பக்கத்தில்தான் நின்றான், அவன் தோளை நான் பிடித்திருந்தேன்.

நாலு வந்தது. கணக்குச் சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை. உயிரோடு இருப்பவர்கள்தான் பதில் தட்டுவார்கள், எங்கள் வழக்கம் அது. நான் அதன் மேல் மண்ணைத் தள்ளச் சொன்னேன்.

டாங்கி, லாரி, மண் தள்ளிய கூலி, பழனிசாமிக்கு வைத்தியம், எல்லாம் சேர்த்து நஷ்டம் மூவாயிரத்து நூற்றுப் பதினேழு ரூபாய், ஆறணா.