டிஸ்டர்ப் பண்ண வேணாம்னுதான்...

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் ஐசியூ வாசலில் நிற்கிறேன். போன் அடிக்கிறது. யாரோ ஒரு பெண். ‘‘மேடம், டிஸ்டர்ப் பண்ணிட்டேனா? பள்ளிகொண்டா பக்கத்துல பைபாஸை ஒட்டி பிளாட் போட்டிருக்கோம்...’’

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

எங்கள் ஆம்பூரில் இந்த இங்கிலீஷ் வார்த்தை இல்லாமல் பொழுது போகாது. நெட் வரலையா — டிஸ்டர்ப். சாப்பிட்டது ஒத்துக்கலையா — வயிறு டிஸ்டர்ப். மாமியாரோடு சண்டையா — மைண்ட் டிஸ்டர்ப். ‘தொந்தரவு பண்ணாதே’ என்றால் சுருக்கென்று தைக்கிறது. ‘டிஸ்டர்ப் பண்ணாதே’ என்றால் என்னமோ நாகரிகமாக இருக்கிறது. அந்த நாகரிகம் என்ன செய்யும் என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

எங்கள் மாடியில் குடியிருப்பவர் ரஹீம் பாய். மனைவி இல்லை. ஒரே மகள் நஸ்ரீன், ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறாள். பாய்க்குப் பேச ஆள் வேண்டும். முன்பெல்லாம் தினமும் அவளுடைய லஞ்ச் டயத்தில் போன் போடுவார். பூனை குட்டி போட்டதில் ஆரம்பித்து, குழம்பில் உப்பு கம்மி என்பதுவரை ஒப்பிப்பார். அவளுக்குச் சாப்பிடவே நேரம் போதாது. ‘‘டிஸ்டர்ப் பண்ணாதப்பா’’ என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். மனுஷர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிவாக்கில் அவருக்கு வலது கை மரத்துப்போயிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி எங்கள் கதவுவரை வந்திருக்கிறார். தட்டவில்லை. என் வீட்டுக்காரர் ஜோலார்பேட்டையில் நைட் டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவார் என்பது தெருவுக்கே தெரியும். கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மதியம் சாப்பிட்டுவிட்டு, மாடியில் காயும் துணியை எடுக்கலாமென்று நான் கதவைத் திறந்தால்... வாய் ஒருபக்கமாகக் கோணியிருக்கிறது.

‘‘இன்னா பாய் இது? ஒரு தட்டு தட்டக் கூடாதா?’’

‘‘சார் தூங்குவாரு... டிஸ்டர்ப் பண்ண வேணாம்னுதான்...’’ நாக்கு குழறியது. ‘‘நஸ்ரீன வரச் சொல்லும்மா. அவகிட்ட ஒண்ணு சொல்லணும்.’’

லைனில் போன் கூடாது, லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகணும். கம்பெனி ஆபீஸுக்குப் பேசினேன். ‘‘ஆர்டர் குடுக்கற ஃபாரின் பையர் வந்திருக்காங்க மேடம். இப்ப லைனை டிஸ்டர்ப் பண்ண முடியாது. ஷிப்ட் முடிஞ்சதும் கண்டிப்பா சொல்லிடறோம்.’’ அவ்வளவு மரியாதையான குரல். ஸ்ட்ரோக் மாதிரி இருக்கிறது என்று நான் மறுபடி சொல்வதற்குள் வைத்துவிட்டார்கள்.

ஆம்புலன்ஸ் அவளுடைய கம்பெனி கேட்டைத் தாண்டித்தான் வேலூர் போனது. நிறுத்தச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. ஏற்கெனவே லேட். பாய் அதுவரைகூட ஏதோ பேசிக்கொண்டுதான் வந்தார். ‘நஸ்ரீன்’ என்பது மட்டும் புரிந்தது.

‘‘கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாம்மா’’ என்றார் டாக்டர்.

நஸ்ரீன் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அப்பா கண் திறந்து அவளைப் பார்த்தார். பேச்சு போய்விட்டது. ‘‘என்கிட்ட ஒண்ணு சொல்லணும்னாராமே... இன்னாக்கா அது?’’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?

யாரைத் திட்டுவது? கெட்டவர்கள் யாரும் இல்லையே. எல்லோரும் யாரோ ஒருவரை டிஸ்டர்ப் பண்ணாமல் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான். பிளாட் விற்கிறவளுக்கு இருக்கிற உரிமை பெத்த அப்பனுக்கு இல்லாமல் போச்சு. இனி பேச்சு வருமா? பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். சொன்னவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இப்போது பாய் வீட்டுக்கு வந்துவிட்டார். லஞ்ச் டயத்தில் நஸ்ரீன்தான் போன் போடுகிறாள். நான் மாடியேறிப் போய் ஸ்பீக்கரைப் போட்டு அவர் காதோரம் வைக்கிறேன். இவர் உதட்டை அசைப்பார், சத்தம் வராது. அந்தப் பக்கம் அவள் சாப்பிடாமல் காத்திருப்பாள்.

நேற்று சொன்னாள்: ‘‘எதனா சொல்லுப்பா... டிஸ்டர்ப் பண்ணுப்பா.’’