ராப்ஸ் விதைக்காத வருடம்

ஆவணி பிறந்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் கோயில் தேருக்கு எந்தச் சேலை கட்டலாம் என்று யோசிப்பார்கள். நானோ ஒரு ஜெர்மன் கமக்காரி என்ன விதைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பீலெஃபெல்ட் நகரத்தின் ஓரத்தில், நான் வேலைக்குப் போகிற பஸ் பாதையில் வயலும் மாடுமாக அவளுடைய கமம் இருக்கிறது. பஸ் அந்த வளைவைக் கடக்கும்போது கழுத்தை நீட்டி வயல்களைப் பார்ப்பேன். என் மாரிகாலம் எப்படி இருக்கப்போகிறது என்பது அந்த வயல்களில்தான் தெரியும்.

விஷயம் இதுதான். ராப்ஸ் என்று இங்கே ஒரு எண்ணெய்ப் பயிர் உண்டு. வசந்தத்தில் ஊரையே மஞ்சளாக்குமே, அது. கோடை முடிவில் விதைத்தால் குளிர் மாரி முழுக்கப் பச்சையாக நிற்கும். காட்டில் விதைகளும் கொட்டைகளும் தீர்ந்து, உறைபனி விழுந்ததும், கழுத்தில் வெள்ளைப் பட்டி போட்ட பெரிய காட்டுப்புறாக்கள் கூட்டம் கூட்டமாக வந்து அந்த இலைகளைத் தின்னும். என் மனிசன் அங்கே வலை கட்டி மறைந்திருந்து அவற்றைச் சுடுவார். நான் வீட்டில் இருந்து இறகு பிடுங்குவேன். ஆகவே, அவள் ராப்ஸ் விதைத்தால் எனக்குக் கரைச்சல். சோளம், கோதுமை, பார்லி என்று போனால் புறா வேறு ஊர் பார்த்துப் போய்விடும், எனக்கு ஓய்வு.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து, கையில் ஒரு பையோடு இந்த நாட்டுக்கு ஓடி வந்த மனிசன் அறுபது வயதில் துவக்கு வாங்கினார் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? வார்ப்படத் தொழிற்சாலையில் நெஞ்சு பழுதாகி, வேலையிலிருந்து முந்தியே நிறுத்தி ரென்ட என்கிற ஓய்வூதியம் கொடுத்தார்கள். அங்கே கூட வேலை செய்த ஒரு ஜெர்மன்காரர் சும்மா ஒரு நாள் வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வந்தது வினை. யாக்ட்ஷைன் என்கிற வேட்டை அனுமதிக்குப் படிக்கத் தொடங்கிவிட்டார். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடக் கடைசிச் சோதனை அபிட்டூருக்குக்கூட அப்படிப் படிக்கவில்லை. மிருகத்தின் பெயர், மரத்தின் பெயர், பயிரின் பெயர் எல்லாம் ஜெர்மனில் பாடமாக்கினார். முதல் தடவை பெயில், இரண்டாம் தடவை பாஸ். நான் ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. ஆனால் வயலுக்குப் போகத் தொடங்கிய பிறகு அவர் நல்லாய் மூச்சு விட்டார், அதையும் மறைக்கக் கூடாது.

கமக்காரியிடம் பெரிய நிலம் இருந்தது, அதில் வேட்டை உரிமையும் அவளுடையதே. புறாவால் அவளுக்கும் கரைச்சல், அதனால் இவரை வரச்சொன்னாள். ஆனால் எங்கள் வீட்டுச் சட்டத்தை அவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள். செவ்வாய், வெள்ளி வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை, ஆகவே வேட்டையும் இல்லை. புறாச் சுட அனுமதிக்கிற காலம் திறக்கிற நேரம் பார்த்துக் கந்தசஷ்டி வரும், இவர் ஆறு நாளும் விரதம். உறைபனி இறுகுகிற நேரம் பார்த்துத் திருவெம்பாவை வரும், அதிலும் பத்து நாள் துவக்கு இரும்புப் பெட்டிக்குள். இதையெல்லாம் இவர் விளங்கப்படுத்த, அவள் தலையை ஆட்டிவிட்டு ஒரு நாள் சொன்னாளாம்: "புறாக்களுக்கும் உங்கள் நாட்காட்டி தெரியும் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில்தான் நிறைய வருகின்றன." இவர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரிக்கலாம், பிடுங்குகிறது நான்தானே. காட்டுப்புறாவின் இறகு கழற்றுவது கஷ்டமில்லை, தொட்டாலே வரும். அதுதான் தொல்லை. கராஜில் இருந்து பிடுங்கினாலும் பூப்போன்ற அந்தச் சின்ன இறகு என் தலைமயிரில், ஸ்வெட்டரில், மறுநாள் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துக் குசினியில்கூட இருக்கும். காலை முழுக்க நின்று உருளைக்கிழங்கு அவித்துவிட்டு வந்தவளுக்குப் பின்னேரம் இந்த வேலை. நெஞ்சுக் கறியை மட்டும் எடுத்து, யாழ்ப்பாணத் தூள் போட்டு, இறுக்கமாகப் பிரட்டினால் நல்ல ருசிதான், இல்லையென்று சொல்லமாட்டேன். தெரிந்த சனத்துக்கும் கொடுப்போம். ஆனால் யாராவது ஒருவர் "அக்கா, நான் வந்து ஒரு கை பிடிக்கிறன்" என்று சொல்லியிருப்பார்களா? வாயே திறக்கமாட்டார்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் பழகிப் போயிருந்தது. புறாவின் தொண்டைக்குக் கீழே ஒரு பை இருக்கும், தின்றது முதலில் அங்கேதான் போய் நிற்கும். அதை வெட்டினால் எந்த வயலில் இருந்து வந்தது என்று தெரிந்துவிடும். பிய்த்த ராப்ஸ் இலையாகத்தான் அநேகமாக இருக்கும், சில வேளை சோள மணி.

போன மாரியில் கடும் உறைபனி சரியாகத் திருவெம்பாவைக்குள் வந்தது. காடு, வயல் எல்லாம் வெள்ளை, ராப்ஸ் மட்டும் பச்சை. ஊரில் உள்ள புறா எல்லாம் அங்கே இறங்கிவிட்டது போலும். கமக்காரி டெலிபோன் எடுத்தாள். இவர் "விரதம் முடியட்டும், வாறன்" என்பதைத் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார். அவள் "குட்", நல்லது, என்றாள். அவ்வளவுதான், வைத்துவிட்டாள். விரதம் முடிந்து இவர் போய்ப் பார்த்தபோது வயலின் ஒரு மூலை முழுக்க இலைகளின் நடுநரம்பு மட்டும் மிஞ்சி நின்றதாம். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். "குட் எண்டு சொன்னவ. நல்லாய்ச் சொன்னவ," என்றார்.

இந்த ஆவணியில் அவள் ராப்ஸ் விதைக்கவில்லை.

வருடா வருடம் ராப்ஸ் வயலை மாற்றுவாள், ஆனால் எங்காவது ஒரு துண்டு இருக்கும். இந்த முறை ரோட்டுக்கரை வயல்கள் ஒன்றிலும் இல்லை. பஸ்ஸில் இருந்து பார்த்துவிட்டு எனக்குக் கையெடுத்துக் கும்பிடவேண்டும் போல இருந்தது. இந்த மாரிக்கு இறகு இல்லை, கராஜில் குளிருக்குள் குந்தியிருக்கத் தேவையில்லை. வீட்டுக்கு வந்து இவரிடம் சந்தோஷத்தை மறைக்காமலே சொன்னேன்.

அவருக்கு முதலே தெரிந்திருந்தது. யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இது எனக்குத்தான்."

"என்னப்பா உங்களுக்கு?"

"உமக்கு விளங்காது. ஜெர்மன்காரி வாயால சொல்லமாட்டா. விதைக்காமல் விட்டுக் காட்டுறா. வேண்டிய நேரத்தில வராதவன் இனி வரத்தேவையில்லை எண்டு."

"விசர்க்கதை கதையாதேங்கோ. போய்க் கேளுங்கோ."

"எந்த முகத்தோட கேக்கிறது? மானமுள்ளவன் போவானோ?"

ஒரு மனிசி தன்னுடைய நிலத்தில் என்ன விதைக்கிறாள் என்பதைத் தனக்கு வந்த பதிலாக எடுத்துக்கொள்ள எங்கள் ஆட்களால் மட்டும்தான் முடியும். கல்யாண வீட்டில் முதல் வரிசையில் இருத்தவில்லை என்று பத்து வருடம் கதைக்காமல் இருக்கிற சனம் நாங்கள். இவர் அதைச் சோள வயலோடும் செய்தார். அறுவடை முடிந்து வெட்டிய தட்டைகளுக்குள் சோள மணி சிந்திக் கிடந்த நாட்களில்கூடப் போகவில்லை. காரில் போய் ரோட்டில் நிறுத்தி, வயல்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். பிறகு அதையும் விட்டுவிட்டார்.

கந்தசஷ்டி வந்து போனது. விரதம் முடிக்கிற பாறணைச் சாப்பாட்டுக்குப் பிறகும் இரும்புப் பெட்டியைத் திறக்கவில்லை. காலையில் எழும்புவார், கதிரையில் இருப்பார், போனில் ஊர்ச் செய்தி பார்ப்பார், அப்படியே நித்திரையாவார். போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்கமாட்டார். மூச்சு மறுபடி இழுக்கத் தொடங்கியது. டொக்டர் "நடந்து திரியுங்கள், வெளியே போங்கள்" என்றார். இவர் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு வந்து கதிரையில் விழுந்தார். நான் வேலையால் வந்து கதவைத் திறக்கும்போது ரீவியும் போடாமல் இருட்டுக்குள் இருப்பார். எனக்குப் பயம் பிடித்தது. எனக்குக் கிடைக்கும் என்று நான் சந்தோஷப்பட்ட ஓய்வு இப்படித்தான் இருந்தது.

அலுத்துப்போய், ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் அந்த வளைவில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். கமக்காரி முற்றத்தில் கன்றுகளுக்குப் பால் கொடுக்கிற வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும், கண்ணுக்குக் கீழே என்னைப் போலவே கறுப்பு. அதற்கு முன் இரண்டொரு தடவைதான் கண்டிருக்கிறேன். என் ஜெர்மன் குசினிக்குப் போதும், இந்தக் கதைக்குப் போதாது. ஆனாலும் சொன்னேன். போன மாரியில் என் கணவர் வராததற்கு மன்னிக்கவேண்டும், அது எங்கள் சாமி விஷயம், நீங்கள் கோபத்தில் ராப்ஸை விட்டுவிட்டீர்கள் என்று அவர் நினைக்கிறார், தயவுசெய்து அடுத்த வருடம் கொஞ்சமாவது விதையுங்கள். இறகு பிடுங்க அலுப்புப்பட்ட நான் அந்த முற்றத்தில் நின்று ராப்ஸுக்காகக் கெஞ்சினேன்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"கோபமா? யாருக்கு?" என்றாள். "முளையிலேயே வண்டு தின்கிறது. இருந்த மருந்துக்கும் அனுமதி இல்லை. வருடா வருடம் இதே பாடு, எனக்குக் களைத்துவிட்டது. அதனால் விட்டேன்."

"அந்த மூலை? புறா தின்ற மூலை?"

"அதுவா, அது வசந்தத்தில் திரும்ப வளர்ந்துவிட்டதே." கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நான் ராப்ஸை நிறுத்தியதால் அவருக்குத்தான் கோபம் என்று நினைத்தேன். ரோட்டில் காரை நிறுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே வராமல் போனார். சரி, நம்மோடு முடிந்தது என்று விட்டுவிட்டேன். இங்கே புறாச் சுட வேறொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்தச் சனிக்கிழமை வந்து பார்க்கச் சொல்லலாம் என்று இருந்தேன்."

"சொல்லவேண்டாம், அவர் வருவார்," என்றேன், அவரைக் கேட்டுக்கொண்டு வந்தவளைப் போல.

அவள் என்னைக் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். காட்டுத் துண்டுக்கு அந்தப் பக்கம், ரோட்டில் இருந்து தெரியாத ஒரு வயல். மாடுகளுக்காக மூவிலைத் தீவனப்புல் போட்டிருந்தாள். சுற்றியுள்ள எல்லாம் உழுது கறுப்பாகக் கிடக்க, அது மட்டும் பச்சை. அதன் மேல் சாம்பல் விரித்த மாதிரிப் புறாக்கள். நாங்கள் நடந்து போனதும் எல்லாம் ஒன்றாக எழும்பின, அந்தச் சத்தத்தில் நான் அவளுடைய கையைப் பிடித்துவிட்டேன். "ராப்ஸ் இல்லை என்றால் இதைத் தின்னுகின்றன. மாடுகளுக்கு ஒன்றும் மிஞ்சாது," என்றாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். முதலில் நம்பவில்லை. வண்டு என்றேன், மருந்து என்றேன், அவளும் உங்களைப் போல மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தாள் என்றேன். வேறு ஆள் வரப் போவதைச் சொன்னதும்தான் கதிரையை விட்டு எழும்பினார்.

"மூவிலைப் புல்லோ? காட்டுக்கு அங்காலையோ?"

"ஓம்."

"நாளைக்கு வெள்ளி," என்றார், சத்தம் இறங்கி.

"போங்கோ," என்றேன். வெள்ளிக்கிழமை குளிக்காமல் குசினிக்குள் கால் வைக்காதவள் நான். "நான் சொல்லுறன், போங்கோ."

போனார். ஆனால் துவக்கைத் தொடவில்லை. பின்னேரம் வேலையால் வரும்போது பஸ் வளைவில் காரைக் கண்டேன். இரவு சாப்பாட்டு நேரத்துக்குக் கமக்காரி டெலிபோன் எடுத்தாள். நாள் முழுக்க வயலைச் சுற்றிச் சுற்றி நடந்து, கை தட்டி, பெரிய சத்தத்தில் என்னவோ மொழியில் ஏசிப் புறாக்களைக் கலைத்தாராம். உங்கள் கணவருக்குச் சுகம்தானே என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றேன். "ஓ, வெள்ளி," என்றாள், இந்த முறை சிரித்தாள்.

சனிக்கிழமை துவக்கோடு போனார். மத்தியானம் சாக்கோடு வந்து கராஜில் வைத்தார். நான் வாளியையும் கதிரையையும் எடுத்துக்கொண்டு, அவரையும் கமக்காரியையும் வண்டையும் திட்டிக்கொண்டே இருந்தேன். குளிர், கை விறைத்தது, இறகு மூக்குக்குள் போனது. முதல் புறாவின் பையை வெட்டினேன். பொடிப் பொடியாக மூவிலை, இன்னும் ஈரமாக.

பின்னால் சேற்றுச் சப்பாத்தோடு வந்து நின்றார். மூச்சு வாங்கியது, ஆனால் முகம் சிவந்திருந்தது.

"இஞ்சரும், பசிக்குது. சோறு கிடக்கோ?"

எத்தனையோ கிழமைக்குப் பிறகு அவர் வாயால் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கை முழுக்க இறகு, கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை.

"அடுப்பில கிடக்கு, போட்டுச் சாப்பிடுங்கோ," என்றேன் திரும்பிப் பார்க்காமல். "எனக்கு இஞ்சை இன்னும் நிறையக் கிடக்கு."