மூக்குக்காரர் போட்ட ஊலாங் டீ

என் அக்கா வீட்டுக்காரர், அதாவது எங்கள் அத்தான், கேஸ் அடுப்பு பழுது பார்ப்பவர். சுற்றுவட்டாரத்தில் அவருக்கு மூக்குக்காரர் என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்வீட்டுக்காரருக்கே அவரைத் தெரியாது. புது டியூப் மாட்டியதும் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவிப் பார்ப்பார். கேஸ் கசிந்தால் அங்கே குமிழ் விடும். இது எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். அத்தான் அதற்கு மேல் சிலிண்டர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு இழுப்பார். வீட்டிலுள்ளவர்கள் அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் நிற்பார்கள். "சுத்தம். தைரியமாப் பத்த வைங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். நுரையை யாரும் நம்பவில்லை, மூக்கைத்தான் நம்பினார்கள்.

அந்த மூக்கு ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. இதை அவர் பெற்ற மகளிடம் சொல்லவில்லை, கட்டிய மனைவியிடம் சொல்லவில்லை. மச்சினி என்னிடமா சொல்லப்போகிறார்? விஷயம் வெளியே தெரிந்தால் யார் தன்னை அடுப்படிக்குள் விடுவார்கள் என்று பயம். அதனால் நுரையை இரண்டு தடவை போட்டுப் பார்த்துக்கொண்டு, மூச்சை மட்டும் பழையபடி இழுத்துக் காட்டினார். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், மனிதருக்குத் திடீரென்று டீ பைத்தியம் பிடித்துவிட்டது என்பதுதான்.

பிடிக்க வைத்தவள் அவர் மகள். வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது மில்க் ஊலாங் என்று ஒரு டீத்தூள் பாக்கெட் கொண்டு வந்தாள். தூள் என்றுதான் நினைத்தோம். பிரித்தால் கரும்பச்சையில் குட்டிக் குட்டி உருண்டைகள். பேரிலேயே பால் இருக்கிறதே என்று அக்கா அதைப் பாலில் கொட்டி, சர்க்கரை போட்டு, பொங்கப் பொங்கக் காய்ச்சிவிட்டாள். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, இதுக்குப் பாலே ஊத்தக் கூடாது. இலையிலேயே பால் வாசனை இருக்கு."

"பால் ஊத்தாத டீயில பால் வாசனையா? யார் காதுல பூ சுத்துற?" என்றேன் நான்.

அவள் போட்டுக் காட்டினாள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. காய்ச்சி இறக்கிய பாலின் வாசனை முதலில் வந்தது. வாயில் வழவழவென்று இறங்கியது. விழுங்கிய பிறகு ஏதோ ஒரு பூ. அக்கா கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள், பால் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று.

மகள் வெளிநாட்டுக்குத் திரும்பியதும் அத்தான் அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். சாயங்காலம் வேலை முடிந்து வந்து கை கால் கழுவியதும் நேரே அடுப்படிதான். கொதித்த தண்ணீரை உடனே ஊற்ற மாட்டார். இறக்கி வைத்து, ஆவி கொஞ்சம் அடங்கக் காத்திருப்பார். அதற்குள் சின்ன டீ ஜாடியை வெந்நீரில் அலசிச் சூடாக்குவார். உருண்டைகளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடுவார். சற்று நேரத்தில் மூடியை எடுத்து, அதன் உள்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய் அப்படியே நிற்பார். ஒரு மூடிக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குச் சிரிப்பாக வரும். முதல் தண்ணீர் இளம் மஞ்சளாக இருக்கும். அடுத்த தண்ணீருக்கு உருண்டைகள் பிரிந்து முழு முழு இலையாக எழுந்து ஜாடியை அடைத்துக்கொள்ளும். அதுதான் நல்ல டீ. அதோடு விடுவாரா? மறுபடி ஊற்றுவார், மறுபடியும் ஊற்றுவார்.

"அத்தான், இலை பாவம், அதுக்கும் கொஞ்சம் ஓய்வு குடுங்க" என்பேன்.

"நீ குடி. வாசனை எப்படி இருக்கு, அதைச் சொல்லு."

நான் பால் என்றால், "அதேதான், பால்" என்பார். அக்கா வெண்ணெய் என்றால் அவருக்கும் வெண்ணெய். கெட்டிக்காரர், ஒரு நாளும் முந்திக்கொண்டு சொன்னதில்லை.

அப்புறம் அந்த டப்பா விவகாரம் வந்தது. பாக்கெட் கிழிந்துவிட்டது. டீயைக் காற்றுப் புகாமல் வைக்க வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். அத்தான் தன் வேலைப் பையில் இருந்த டப்பாவை எடுத்தார். நல்ல இறுக்கமான மூடி. நுரைக்கு வேண்டிய துணி சோப்பை அவர் அதில்தான் போட்டு வைப்பார். வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, மோந்தும் பார்த்துத் திருப்திப்பட்டு, டீயை அதில் கொட்டி மூடினார். டீ இலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும்.

சில நாள் கழித்து அந்த டப்பாவிலிருந்து டீ போட்டார். நான் கோப்பையை வாயருகே கொண்டுபோனேன். ஊறவைத்த சலவைத் துணி! அக்காவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் பேசாமல் இருக்கவே, அத்தான் முதல் தடவையாகத் தானே ஆரம்பித்தார்.

"ஆஹா, இன்னிக்குப் பால் வாசனை தூக்கலா இருக்கு இல்ல?"

நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் அக்கா என் காலை நன்றாக மிதித்தாள்.

"ஆமா, தூக்கலாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அந்தச் சோப்புத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

நான் மாடியில் குடியிருக்கிறேன். அவளைப் படிக்கட்டுக்கு இழுத்துப் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அவருக்கு மூக்கே வேலை செய்யலை. ஊர்ல அத்தனை வீட்டு சிலிண்டரையும் மோந்துட்டு வர்றாரு. எங்கயாவது வெடிச்சா?"

"ரெண்டு தடவை நுரை போட்டுப் பார்க்கிறாரு போல. சோப்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் தீருதுன்னு நானும் யோசிச்சிருக்கேன். இப்பதான் புரியுது."

"அப்ப நேராவே கேட்டுடேன்."

"மூக்குக்காரர்னு கூப்பிட்டா அவரு முகம் மலர்றதைப் பார்த்திருக்கியா நீ? நான் எப்படிடீ கேப்பேன்?" அக்காவுக்குக் குரல் உடைந்துவிட்டது. எனக்கு அத்தான் மேல் கோபம் கோபமாக வந்தது. இத்தனை நாள் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக வாழ்ந்தவளிடம் என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கிறது?

மறுநாள் முதல் அக்காவும் அவரோடு வேலைக்குக் கிளம்பினாள். முட்டி வலிக்கு நடக்கச் சொன்னார்களாம். அவர் வேலை செய்யும் வீட்டில் ஒரு ஓரமாக நின்று, யாருக்கும் தெரியாமல் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு வருவாள். அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். கேட்கவில்லை.

எங்கள் வீட்டு அடுப்பு டியூப்பை மாற்ற வேண்டி வந்தபோது இருவரும் மேலே வந்தார்கள். அத்தான் மாட்டினார், நுரை தடவினார், துடைத்தார், மறுபடி தடவினார். குமிழே இல்லை. என் வீட்டுக்காரருக்கு விஷயம் எதுவும் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை.

"சகலை, சோப்பெல்லாம் கிடக்கட்டும். மூக்கு என்ன சொல்லுது? நீங்க சொன்னாத்தான் நான் நிம்மதியாப் பிள்ளைங்களோட தூங்குவேன்."

அத்தான் வழக்கம்போலக் குந்தி உட்கார்ந்தார். கண்ணை மூடினார். மூச்சை இழுத்தார். உள்ளறையில் என் பிள்ளைகள் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"எனக்குத் தெரியலை சகலை. காய்ச்சல் வந்ததுல இருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியலை."

அத்தான் தரையைப் பார்த்தபடியே பேசினார். "டாக்டர்கிட்ட போனேன். தினம் ஏதாவது ஒரு வாசனையை விடாம மோந்து பாருங்க, வந்தாலும் வரும்னாரு. அதான் அந்த டீயைக் கட்டிக்கிட்டு அழறேன். இன்னும் வரலை."

அக்கா அவர் பக்கத்தில் போய்க் குந்தினாள். முட்டி வலி எங்கே போனதோ. சிலிண்டர் வாயருகே முகத்தை வைத்து மோந்து பார்த்தாள். "ஒண்ணும் இல்லை. சுத்தமா இருக்கு. பத்த வைங்க" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப என் சமையல் நல்லாருக்குன்னு சொன்னதெல்லாம் பொய்யா?"

"அது மூக்கு நல்லா இருந்தப்ப இருந்தே சொல்ற பொய்தானே" என்றார் அத்தான்.

என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அக்கா சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, முந்தானை முகத்தில் இருந்தது. எனக்கிருந்த கோபமெல்லாம் எந்த வழியாகப் போனதென்றே தெரியவில்லை.

சோப்பு வாசனை டீயைக் கீழே கொட்டினோம். மகளிடம் விஷயத்தைச் சொன்னதும் அழுதுவிட்டு, புதுப் பாக்கெட் அனுப்பினாள். அது வந்த அன்று சாயங்காலம் அத்தான் தண்ணீரை ஆறவைத்தார், ஜாடியைச் சூடாக்கினார், இலையைப் போட்டு ஊற்றி மூடினார். மூடியை எடுத்தவர் அதைத் தன் மூக்குக்குக் கொண்டுபோகவில்லை. அக்காவிடம் நீட்டினார்.

"நீ சொல்லு."

"பால் வாசனைதான்."

"எந்தப் பாலு? சரியாச் சொல்லு."

அக்கா மறுபடி மோந்தாள். அவளுக்குப் பேச்சுச் சாமர்த்தியம் கிடையாது. தேடித் தேடித்தான் சொன்னாள். "நம்ம பொண்ணு கைக்குழந்தையா இருக்கறப்ப, பால் குடிச்சிட்டு உங்க தோள்ல தூங்கிடுவாளே. வாயோரமா வழிஞ்சு உங்க சட்டை நனைஞ்சிருக்கும். அந்தச் சட்டையில ஒரு வாசனை இருக்குமில்ல, அது."

அத்தான் டீயைக் கோப்பையில் ஊற்றி, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அது எனக்குத் தெரியும்" என்றார்.