உமியில் காய்ந்த மோட்டார்

மின்சார இலாகாவில் எனக்குச் சோதனை வேலை. தோல்வார் போட்டுத் தோளில் தொங்கவிடும் ஒரு பெட்டி, பக்கத்தில் கைப்பிடி. அதைச் சுற்றினால் கண்ணாடிக்குள் ஊசி நகரும். மெக்கர் என்போம். கம்பியின் உறை கெட்டு மின்சாரம் கசிந்தால் ஊசி பூஜ்யத்தில் போய்ப் படுத்துவிடும். கசிவில்லை என்றால் மறுமுனைக்கு ஓடும். ஊசி காட்டாததை எழுதவே மாட்டேன் என்று அந்த வயதில் எனக்கு ஒரு வீறாப்பு. நாசமாய்ப் போன வீறாப்பு.

ஆனி மாதத்தில் ஒருநாள், மேற்குக் கடலோரத்தில் நெல் குத்தும் மில் ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். அன்று காலையில் மோட்டாரைத் தொட்ட வேலையாள் அங்கேயே செத்துப்போயிருந்தான். பஸ் பிடித்து நான் போய்ச் சேர உச்சி தாண்டிவிட்டது. வாசலிலேயே அவன் மனைவி என்னை மறித்தாள்.

“சாரே, எங்க ஆளு தானாட்டு சாவல்ல. ராத்திரி பூரா மழை. ஓடு ஒழுகி மோட்டாருக்க மேல வெள்ளம் விழுந்துது. நீங்க அதச் சொல்லணும். இல்லேங்கி தெம்மாடிக்குழிதான். அவரு எனக்க மவனுக்க பக்கத்துல கெடக்கணும் சாரே.”

நான் கிழக்கே தோவாளைக்காரன், அந்தச் சொல்லே எனக்குப் புதுசு. கூட நின்றவர்கள் விளக்கினார்கள். தற்கொலை செய்துகொண்டவனைக் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்க மாட்டார்கள். மதிலுக்கு வெளியே, ஜெபமும் மணியும் இல்லாமல் ஒரு குழி. மூத்த மகன் கடலில் செத்துக் கரை ஒதுங்கிய பிறகு இந்த மனிதன் வள்ளத்தில் ஏறவில்லை, யாரோடும் பேசவில்லை. மில் வேலைக்கு வந்து ஒதுங்கிக்கொண்டான். அதனால், மோட்டாரில் மின்சாரம் வரும் முனையைத் தானே போய்ப் பிடித்தான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. பங்குச் சாமியார் நல்ல மனிதர்தான். சோதிக்க வருகிறவர் சொல்லட்டும், அதுவரை எங்கேயும் குழி வெட்ட வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தார்.

மோட்டாரைத் தொட்டேன். சூடு. சுற்றிலும் உமி கனன்றுகொண்டிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. “யார் இந்தத் தீயைப் போட்டது?”

செத்தவனோடு வேலை பார்த்தவன் முன்னால் வந்தான். “நான்தான் சாரே. நனைஞ்சு கெடந்துது. இன்னொருத்தன அடிச்சிரப்பிடாதேண்ணு அப்பமே காய வெச்சேன்.”

ஈரம் காய்ந்தால் கசிவின் அடையாளமும் போய்விடும். பாவி, நல்லது என்று நினைத்துச் செய்திருக்கிறான். அவனை என்ன சொல்ல?

முதலில், கசிவை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பியைப் பார்த்தேன். உப்புக் காற்றில் அரித்து நடுவில் அற்றுப்போயிருந்தது. அது குற்றம்தான், ஆனால் மோட்டாரில் கசிவு இருந்தால்தானே ஆளை அடிக்கும்? பெட்டியை இணைத்துச் சுற்றினேன். ஊசி நல்ல முனைக்கு ஓடி நின்றது. கை கடுக்கும்வரை சுற்றினேன். இறங்கவில்லை.

“மோட்டாரில் கசிவு உண்டா?” என்று சாமியார் கேட்டார்.

“எர்த் அற்றிருக்கிறது சாமி. மற்றபடி இப்போது கசிவு இல்லை.”

‘இப்போது’ என்பதை அழுத்தித்தான் சொன்னேன். யார் காதில் விழுந்தது? “பாத்தியளா, நான் சொன்னம்லா!” என்றான் கூட்டத்தில் ஒருவன். சாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று. நான் குனிந்து வயரைச் சுருட்டினேன். சாயங்காலம் மதிலுக்கு வெளியே புதைத்தார்கள்.

ஐப்பசியில் மறுபடியும் அதே மில்லுக்குப் போக வேண்டி வந்தது. இரண்டு நாள் அடைமழையில் மில் ஓடாமல் கிடந்தது. ஓடு மாற்றியிருக்கவில்லை, முதலாளிக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? பெட்டியைச் சுற்றினேன். ஊசி பூஜ்யத்தை விட்டு எழும்பவே இல்லை.

மழையோடு அவள் குடிசைக்கு ஓடினேன். ஏதோ நல்ல சேதி கொண்டுபோகிறவன் மாதிரி, வெட்கங்கெட்டவன், மூச்சு வாங்கச் சொன்னேன். சாமியாரிடம் எழுதிக் கொடுக்கிறேன், மாற்றிப் புதைக்கலாம் என்றேன்.

அவள் அடுப்படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“மழையில மண்ணு கரைஞ்சு குழி எதுண்ணே தெரியல்ல. எங்க போய்த் தோண்டுவாவ?” என்றாள். அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். “நனைஞ்சு கெடந்துதுண்ணு அவன் சொன்னத அண்ணைக்கு நீங்களும் கேட்டியதானே. ஒரு வாளி வெள்ளம் கோரி மோட்டாருல ஊத்திட்டுச் சுத்திப் பாத்திருந்தா என்ன சாரே? ஒங்களுக்குத் தோணல்லியா?”

“தோணலம்மா” என்றேன்.

பொய். தோன்றியது. நல்ல மோட்டாரை நனைத்துக் கெடுத்தான் என்று முதலாளி என் மேலதிகாரிக்கு எழுதிப்போட்டுவிடுவாரோ என்று பயந்து, வாயை மூடிக்கொண்டு வயரைச் சுருட்டினேன்.